எழுதாத அட்டையை வாசிச்ச ரஞ்சிதம்

நல்லாப் போத்திக்க சிட்டு. காலை உள்ள இழு. அத்தை கதை சொல்லும்போது "ம்" சொல்லணும், ஞாபகம் இருக்குல்ல? "ம்" நின்னா கதையும் நின்னுரும். ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன், இது நரி, காக்கா கதை இல்ல. இதை நெனச்சா எனக்கு இன்னமும் தூக்கிவாரிப் போடுது. பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்க.

ஒரு ஊர்ல ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. பேரு சுகிர்தம். அது மலைக்குக் கீழ இருக்குற ஊரு. மலையில விளையுற ஏலக்காய் பூரா அங்கதான் எறங்கி வரும். தெருவுல நடந்தாலே பாயச வாசம் அடிக்கும்.

"ம்."

அப்போ, அந்த ஊருப் பொம்பளைங்க எல்லாம் ஏலக்காய் பிரிக்கப் போவாங்க. பெருசு ஒரு குமி, சிறுசு ஒரு குமி. பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். கை பாட்டுக்குப் போயிட்டு வரும், சரக்கு சரக்குன்னு. பிள்ளைகளும் அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்து, அதுக கண்ணும் அப்படியே பழகிப்போச்சு. ஒரு காயைக் காட்டுன மாத்திரத்துல, இது அந்தக் குமி, இது இந்தக் குமின்னு சொல்லிப்புடும்.

அப்புறம், இந்தச் சுகிர்தம் டீச்சர் என்ன பண்ணாங்க? பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளையும் வாசிக்கும்போது சில பிள்ளைக மட்டும் வாயைத் திறக்காம முழிக்கும்ல? அந்தப் பிள்ளைகளையெல்லாம் சாயங்காலம் அவங்க வீட்டு முன் ரூம்ல உக்கார வச்சு வாசிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. முதல்ல எழுத்து. கறுப்புச் சிலேட்டுல வெள்ளைக் குச்சியால எழுதி எழுதிக் காட்டுவாங்க. அ, க, ப, ம. எழுத்தெல்லாம் பிள்ளைகளுக்கு நெசமாவே நல்லா வந்துருச்சு. இதை மறந்துராத.

"ம்."

அப்புறம் எழுத்தைக் கூட்டிச் சொல்லு வாசிக்கணும்ல? அதுக்கு அட்டை வேணுமே. டீச்சர் அம்புட்டு அட்டைக்கு எங்க போவாங்க? யோசிச்சாங்க, யோசிச்சாங்க, கல்யாணப் பத்திரிகை! கல்யாணம் முடிஞ்ச வீட்டுக்கெல்லாம் போயி, "பழைய பத்திரிகை கெடந்தா குடு தாயி"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்தாங்க. பின்பக்கம் அச்சடிக்காம இருக்கும் பாரு, அதுல கொட்டை கொட்டையா ஒவ்வொரு சொல்லா எழுதுனாங்க. ரோஸ் அட்டையில "பழம்". சந்தனக் கலர் அட்டையில "மரம்". ஓரத்துல தங்கக் கரை போட்ட அட்டையில "ஆடு". மூலையில மஞ்சள் தடவித்தான பத்திரிகை குடுப்பாங்க? அந்த மஞ்சள் ஊறி இந்தப் பக்கம் வந்த அட்டையில "தண்ணீர்". எல்லாத்தையும் ஒரு துணிப்பையில போட்டு, ஆணியில மாட்டிருந்தாங்க.

சாயங்காலம் ஆனா பிள்ளைக பைக்குள்ள கையை விடும். சரசரன்னு ஒரு அட்டை எடுக்கும். "பழம் டீச்சர்!" "மரம் டீச்சர்!" "ஆடு டீச்சர்!" படபடன்னு வாசிக்கும். டீச்சருக்குப் பெருமைன்னா பெருமை, தாங்க முடியாத பெருமை. போறவங்க வாறவங்களையெல்லாம் கூப்பிட்டு, "கேட்டீங்களா, என் பிள்ளைக வாசிக்கிறதைக் கேட்டீங்களா"ன்னு காட்டுவாங்க.

"எல்லாரும் வாசிச்சுட்டாங்களா அத்தை?"

எல்லாரும்தான்! அதுலயும் ரஞ்சிதம்னு ஒருத்தி இருந்தா. உன் வயசுதான். ரெட்டைச் சடை போட்டு, எப்பப் பாத்தாலும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருப்பா. ஆனா அட்டை வெளிய வர்றதுக்குள்ள சொல்லிப்புடுவா. பையில இருந்து நுனி தெரிஞ்சாப் போதும், "தண்ணீர்!" அவ வீட்டுல அவ, அவ அம்மா, ஒரு வயசான தாத்தா. அம்மா காலையில ஏலக்காய் பிரிக்கப் போனா பொழுது சாயத்தான் வரும். அந்த அம்மா ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியும், "எம் மக எழுத்துன்னு எதைக் காட்டுனாலும் வாசிச்சுப்புடுவா"ன்னு.

அப்போ ஒருநாள், சுகிர்தம் டீச்சருக்கு ஒரு யோசனை வந்துச்சு. துணிப்பையைப் பாத்தாங்க. "ச்சை, என்ன இது, பழைய துணி மூட்டை மாதிரி தொங்குது. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, ஒண்ணு கிழிஞ்சது. இன்னைக்கு இதைச் சீர் பண்ணாம விடமாட்டேன்"னு சேலையை வரிஞ்சு கட்டிட்டாங்க.

அப்புறம் என்ன! வெள்ளை அட்டை வாங்குனாங்க. எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டுனாங்க, கறுக் கறுக்குன்னு. பழைய அட்டையில இருந்த சொல்லையெல்லாம் ஒவ்வொண்ணா வெள்ளை அட்டையில எழுதுனாங்க. பிஸ்கட் டப்பாவையெல்லாம் கழுவிக் காய வச்சாங்க. ரெண்டெழுத்துச் சொல்லுக்கு ஒரு டப்பா, மூணெழுத்துச் சொல்லுக்கு ஒரு டப்பா, அதுக்கும் மேலன்னா இன்னொரு டப்பா. மூடி மேல பேரு ஒட்டி அலமாரியில வரிசையா வச்சாங்க. தூரத்துல நின்னு பாத்தாங்க. கிட்ட வந்து பாத்தாங்க. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் பாத்தாங்க. ஆகா, எம்புட்டு அழகு! அட்டை எல்லாம் பெட்டிக்குள்ள சீப்பு மாதிரி நிக்குது.

"ம்."

சாயங்காலம் பிள்ளைக வந்துச்சு. டீச்சர் மூணெழுத்து டப்பாவைத் திறந்தாங்க, டப்புன்னு. முதல்ல பேச்சின்னு ஒரு பிள்ளை. "பேச்சி, எடுத்து வாசி தாயி." அந்தப் பிள்ளை எடுத்துச்சு. "பழம்"னு எழுதியிருக்கு. பாத்துச்சு. அட்டையைத் திருப்பிப் பாத்துச்சு. பின்னாலயும் வெள்ளை.

"என்ன பேச்சி, தெனம் வாசிக்கிற சொல்லுதான?"

"தெரியல டீச்சர்."

சரி, பிள்ளைக்கு உடம்பு சரியில்ல போலன்னு நெனச்சாங்க. அப்புறம் சுருளின்னு ஒரு பையன். அவன் கையில "மரம்" வந்துச்சு. அவன் அட்டையை ஓரத்துல தடவிப் பாக்குறான். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாக்குறான். மோந்துகூடப் பாத்தான்! "டீச்சர், இது எந்த அட்டை டீச்சர்?"ன்னு கேட்டான். "ரஞ்சிதம், நீ வா, நீ சொல்லுடி"ன்னு கூப்பிட்டாங்க. ரஞ்சிதம் வந்தா. மூக்கை உறிஞ்சுனா. டப்பாவுக்குள்ள எட்டிப் பாத்தா. என்ன சொன்னா தெரியுமா?

"என்ன சொன்னா?"

"டீச்சர், எல்லாமே ஒண்ணு மாதிரி இருக்கே. எப்படி வாசிக்கிறது?"

ஆத்தாடி! டீச்சர் பேயறைஞ்ச மாதிரி நின்னுட்டாங்க. அப்புறம் மெதுவா அலமாரிக்குப் போனாங்க. ஒரே கல்யாணத்துப் பத்திரிகை சிலது ரெண்டு ரெண்டா கெடைச்சிருக்கும்ல? ஒண்ணுலதான் "பழம்" எழுதியிருந்தாங்க. இன்னொண்ணு சும்மா கெடந்துச்சு. அதே ரோஸ் அட்டை. பின்னால ஒரு எழுத்து இல்ல, ஒரு புள்ளி இல்ல, வெறுசா இருக்கு. அதை எடுத்து ரஞ்சிதம் மூஞ்சிக்கு நேரா காட்டுனாங்க.

ரஞ்சிதம் மூஞ்சி பூவா மலர்ந்துருச்சு. "பழம் டீச்சர்!"

எழுதாத அட்டையை வாசிச்சுட்டா! கேட்டியா சிட்டு? எழுத்தே இல்லாததை வாசிச்சுட்டா! எனக்கு இதைச் சொல்லும்போதே மேலெல்லாம் புல்லரிக்குது, பாரு கையை.

"ஏன் அத்தை அப்படி வாசிச்சா?"

அது பிரிக்கிற கண்ணுடி! ஏலக்காயைப் பாத்துப் பழகுன கண்ணு. பிள்ளைக எழுத்தைக் கூட்டவே இல்ல. ரோஸ்னா பழம், சந்தனக் கலருன்னா மரம், தங்கக் கரைன்னா ஆடுன்னு அட்டையைப் பிரிச்சுக்கிட்டு இருந்திருக்கு. அதுகளும் ஏமாத்தல. வாசிக்கிறதுன்னா இதுதான்னு அதுக நெசமா நம்பியிருக்கு. டீச்சரும் நம்பியிருக்காங்க. இத்தனை நாளும்! எனக்கு அந்த டீச்சரு மேல கோபம் கோபமா வரும். கண்ணு முன்னால நடக்குது, பாக்கலையே மனுசி. பெருமை கண்ணை மறைச்சுருச்சு.

டீச்சர் அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சாங்க. ரஞ்சிதத்துக்குப் பாவமாப் போச்சு. நம்ம வாசிச்சுமா டீச்சர் அழுவுறாங்கன்னு பக்கத்துல வந்து, ஆறுதலா சொன்னா.

"அழுவாதீங்க டீச்சர். இன்னைக்கு வீட்டுலகூட நான்தான் வாசிச்சேன். தாத்தாவுக்கு மருந்து ஊத்திக் குடுத்துட்டுதான் வந்தேன்."

டீச்சர் தலையைத் தூக்குனாங்க. "என்ன மருந்து?"

"நாட்டு மருந்து ஆஸ்பத்திரில குடுத்தது. ஒண்ணு இருமலுக்குக் குடிக்கிறது, ஒண்ணு முழங்காலுக்குப் பூசுறது. பூசுறது வாய்ல படவே கூடாதாம், விஷமாம். அம்மா சொன்னாங்க."

"முன்னாடி எப்படிக் கண்டுபிடிப்ப?"

"குடிக்கிறது பச்சை பாட்டில், பூசுறது குட்டை பாட்டில். இன்னைக்குக் காலையில மருந்து வாங்கப் போனப்போ அம்மா பழைய பாட்டிலை எடுத்துட்டுப் போக மறந்துட்டாங்க. அதான் ஆஸ்பத்திரிக்காரங்களே ரெண்டு பாட்டில்ல குடுத்துட்டாங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. மேல எழுதியிருக்கு, வாசிச்சுக் குடுன்னாங்க அம்மா."

"வாசிச்சியா ரஞ்சிதம்?"

"பாத்தேன் டீச்சர்."

ஐயோ சாமி! டீச்சர் துள்ளி எந்திரிச்சாங்க. பாத்தாளாம்! "பேச்சி, ஓடு! முக்குல போயி ஆட்டோவைக் கூட்டிட்டு ரஞ்சிதம் வீட்டுக்கு வா!"ன்னு கத்துனாங்க. ரஞ்சிதம் கையைப் பிடிச்சாங்க. செருப்புப் போடல, கதவைப் பூட்டல. தடதட தடதடன்னு ஓட்டம். கை தட்டி டப்பா டமார்னு விழுந்துச்சு, வெள்ளை அட்டை எல்லாம் ரூம் பூரா பறக்குது. யாரு பாத்தா?

"தாத்தா செத்துட்டாரா அத்தை?"

பொறுடி. எனக்கே மூச்சு வாங்குது.

வீட்டுக்குள்ள நுழைஞ்சாங்க. தாத்தா கட்டில்ல மல்லாக்கப் படுத்துருக்காரு. போர்வை கழுத்து வரைக்கும் கெடக்கு. கீழ டம்ளரு உருண்டு கெடக்கு. எடுத்துப் பாத்தா, காலி! ஒரு சொட்டு இல்ல.

"ஐயா! ஐயா! எந்திரிங்க!" டீச்சர் தோளைப் பிடிச்சு உலுக்குனாங்க. தாத்தா அசையல. ரஞ்சிதம் கன்னத்தைத் தட்டுனா. அசையல. தொண்டையில இருந்து மட்டும் ஒரு சத்தம், குர்ர்ர்ருன்னு. அது தூங்குற சத்தமா, உயிரு இழுக்குற சத்தமா? யாருக்குத் தெரியும்!

அப்புறம் டீச்சர் அந்த வீட்டு அலமாரியில இருந்த பாட்டிலைப் பாத்தாங்க. ரெண்டு பாட்டில். ரெண்டும் ஒரே உசரம், ஒரே கலரு, ஒரே மூடி. ஒண்ணு நிறைஞ்சிருக்கு, ஒண்ணு கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. கொறைஞ்சதுல இருந்துதான் ஊத்தியிருக்கா. அது எது? மூடியைத் திறந்து மோந்து பாத்தாங்க. ரெண்டுலயும் அதே வேரு வாடை, அதே எண்ணெய் வாடை. ஒண்ணும் புரியல.

அப்போ பாட்டில்ல ஒட்டியிருந்த காகிதத்தைப் பாத்தாங்க. பொடிப் பொடியா எழுதியிருக்கு. கண்ணுக்குக் கிட்ட கொண்டு போனாங்க, தள்ளிப் பிடிச்சாங்க. எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியுது. கண்ணாடி! கண்ணாடி அவங்க வீட்டுத் தரையில கெடக்கு! அழுது துடைச்சப்போ கழட்டுனது. ஊருக்கே வாசிக்கச் சொல்லிக்குடுக்குற டீச்சருக்கு, ஒரு உசுரு போற நேரத்துல வாசிக்க முடியல சிட்டு. என்னத்தைச் சொல்ல!

"பக்கத்து வீட்டுல யாரும் இல்லையா?"

தெருவே வெறிச்சோடிக் கெடக்கு. எல்லாரும் ஏலக்காய் பிரிக்கப் போயிட்டாங்க. டீச்சர் முட்டி போட்டு உக்காந்தாங்க. கொறைஞ்ச பாட்டிலை ரஞ்சிதம் கையில குடுத்தாங்க.

"ரஞ்சிதம். ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரு கேப்பாரு, என்ன குடிச்சாருன்னு. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு."

ரஞ்சிதம் டீச்சர் மூஞ்சியைப் பாத்தா. "குடிக்கிறது" அப்படின்னா.

"என் மூஞ்சியில எழுதல. காகிதத்தைப் பாரு."

ரஞ்சிதம் பாட்டில் கலரைப் பாத்தா, மூடியைப் பாத்தா. "பூசுறது" அப்படின்னா. உடனே, "இல்ல டீச்சர், குடிக்கிறது." அழுகை வந்துருச்சு. "எனக்கு வாசிக்கத் தெரியும்னு நெனச்சேன் டீச்சர். எனக்குத் தெரியல."

"எழுத்து தெரியும்ல? சிலேட்டுல எழுதுனா சொல்லுவியே. பாட்டிலை மறந்துரு. கலரை மறந்துரு. முதல் எழுத்து மட்டும் சொல்லு. அப்புறம் அடுத்தது."

அந்தப் பிள்ளை சடையால கண்ணைத் துடைச்சுச்சு. காகிதத்துல விரலை வச்சுச்சு. உதடு அசையுது.

"பூ..."

டீச்சர் கிட்ட நகந்து உக்காந்தாங்க.

"ச..."

"கூட்டு தாயி. ரெண்டையும் கூட்டு."

"பூ... ச. பூச." அவ கண்ணு அகலமாத் திறந்துச்சு. "பூச! டீச்சர், பூசன்னு இருக்கு! வாசிச்சுட்டேன்!" சொன்ன வாயி அப்படியே நின்னுபோச்சு. ரஞ்சிதத்துக்குப் புரிஞ்சுருச்சு. சந்தோசம் வந்த அதே நிமிசத்துல அவ மூஞ்சி வெளிறிப்போச்சு. "தாத்தாவுக்கு நான் இதையா குடுத்தேன்? ஐயோ தாத்தாஆஆ!"

வீடே அதிருற மாதிரி ஒரு கத்து கத்துனா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துரும் இந்த இடத்துல. எம்புட்டு நாளு காத்துக் கெடந்து, முதல்முதலா நெசமா வாசிச்சது இதையா வாசிக்கணும் ஒரு பச்சப் பிள்ளை!

"ம்... அப்புறம்?"

அப்போ, கட்டில்ல இருந்து ஒரு குரலு. "எவடி அவ, நல்லாத் தூங்குறப்போ காதுக்குள்ள கத்துறது?"

தாத்தா! எந்திரிச்சு உக்காந்துட்டாரு! டீச்சர் பின்னால சாஞ்சு செவுத்துல முட்டிக்கிட்டாங்க. "ஐயா, அந்த டம்ளர்ல இருந்த மருந்து? குடிச்சுட்டீங்களா?"

"எதைக் குடிக்க?" தாத்தா போர்வையை விலக்குனாரு. ரெண்டு முழங்காலும் எண்ணெய் வழிஞ்சு பளபளன்னு மின்னுது. "இவ பாட்டுக்கு டம்ளரை வச்சுட்டு, ஒண்ணும் சொல்லாம ஓடிட்டா. எனக்கு இன்னைக்கு இருமலே இல்ல. முழங்காலுதான் வலிச்சுச்சு. அதான் எடுத்துப் பூராத்தையும் தேச்சுவிட்டேன். என்ன சொகம்! படுத்ததுதான் தெரியும்."

அடியாத்தி! அவரும் வாசிக்கல, இவளும் வாசிக்கல, மக வாசிச்சுக் குடுப்பான்னு நம்பி அம்மாவும் போயிட்டா, எல்லாத்தையும் பாக்க வேண்டிய டீச்சரும் பாக்கல. ஒரு வீட்டுல, ஒரு ஊர்ல, ஒருத்தர்கூட வாசிக்கல! அன்னைக்கு அவருக்கு முழங்கால் வலிச்சதுனால ஆளு பொழைச்சாரு. இருமல் வந்திருந்தா? ஐயையோ, வேணாம், அதைச் சொல்லமாட்டேன்.

அப்போ வாசல்ல டர்ர்ர்ருன்னு ஆட்டோ வந்து நின்னுச்சு. பேச்சி எறங்கி ஓடி வந்தா. "இந்த ஆட்டோ யாருக்கு?"ன்னு தாத்தா கேட்டாரு. டீச்சர் ரஞ்சிதத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, சிரிக்கிறாங்களா அழுவுறாங்களான்னு தெரியாம குலுங்குறாங்க. "இத்தனை நாளும் நான் அட்டையைத்தான் அடுக்கியிருக்கேன் ரஞ்சிதம். உன்னைப் பாக்கவே இல்ல"ன்னாங்க.

"ம்..."

அப்புறம், இந்தக் கலவரத்துல தாத்தாவுக்கு நெசமாவே இருமல் வந்துருச்சு. லொக்கு லொக்கு லொக்குன்னு. "அந்த மருந்தை ஊத்து தாயி"ன்னாரு.

ரஞ்சிதம் நிறைஞ்ச பாட்டிலை எடுத்தா. ஊத்தல. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. பூசுறது அதுன்னா, குடிக்கிறது இதுதான? அது அவளுக்கும் தெரியும். ஆனா அவ ஊத்தல. காகிதத்துல விரலை வச்சா. தாத்தா இருமிக்கிட்டே இருக்காரு. அவ அவசரப்படல.

"கு... டி... க்... க. குடிக்க."

சொல்லிட்டு, மறுபடியும் முதல்ல இருந்து ஒருதரம் கூட்டிப் பாத்தா. அதுக்கு அப்புறம்தான் டம்ளர்ல ஊத்தித் தாத்தா கையில குடுத்தா. "குடிக்கிறதுதான் தாத்தா. நான் வாசிச்சுட்டேன்." தாத்தா அவளை ஒரு பார்வை பாத்தாரு. மடக் மடக்குன்னு குடிச்சுட்டு, காலி டம்ளரை அவகிட்ட நீட்டுனாரு.

"ம்..."

தாத்தா மருந்து தொண்டைக்குள்ள போயிருச்சு, அத்தை கதை உன் காதுக்குள்ள போயிருச்சு. ரெண்டும் நல்லபடியா எறங்கட்டும். கையை விடு, கண்ணை மூடு சிட்டு.